பழுதுற்ற காணொளிக் கோப்பும் அதன் மீட்சியும்

ஓலைச்சுவடி சிதையும் வகைகளைத் தமிழாராய்வார் நன்கறிவர். செல்லரித்தலும், நுனி முரிதலும், கயிறு அறுந்து ஏடு பிறழ்தலும் அவற்றுட் சில. இக்காலத்தே வாய்மொழிப் பாடல்களைக் களத்திற்சென்று திரட்டுவார்க்கு ஓலையின் இடத்தில் கேம்கார்டர் என்னும் படப்பதிவுக் கருவியும், அதனுட் செருகும் மெமரி கார்டும் வாய்த்துள்ளன. இவையும் சிதைவுறும். ஆயின், இவற்றின் சிதைவு கண்ணுக்குப் புலனாவதில்லை. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்தையேனும் காண்கின்றோம்; பழுதுற்ற காணொளிக் கோப்போ திறவுகோல் இழந்த பேழைபோற் கிடக்கின்றது. அதனால் 'அழிந்தது' எனக் கைவிடப்பெறும் பதிவுகள் பல. அங்ஙனம் கைவிடப்பெற்றவற்றுள் உள்ளீடு கெடாதவை உள என்பதும், அவ்வுள்ளீட்டைக் கெடுப்பது பலகால் மீட்க முயல்வாரின் விரைவே என்பதும் ஈண்டு விளக்கப்புகும் பொருள்கள். எம் துறையினர் பட்டறிந்த ஒன்றையே சான்றாகக் கொள்கின்றோம்.

2016ஆம் ஆண்டில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எண்பது அகவை கடந்த முதியவர் ஒருவர் பாடிய ஏற்றப்பாட்டைப் பதிவு செய்தோம். பம்புசெட் வந்தபின் ஏற்றம் இறைத்தல் ஓய்ந்தது. அதனோடு பாட்டும் ஓய்ந்தது. அவ்வூரில் ஒன்று முதல் நூறு சால் வரையில் இடையறாது பாடவல்லார் அவர் ஒருவரே எஞ்சியிருந்தார். ஏற்றப்பாட்டின் இயல்பு யாவரும் அறிந்ததே. இறைக்கும் சாலின் எண் பாட்டின் அடியோடு இயைந்து வரும்; பாட்டே கணக்கும் ஆகும். பின்னர்க் கூறப்படுவதற்கு இவ்வியல்பு இன்றியமையாதது ஆதலின் ஈண்டே சுட்டினோம்.

முதியவர் நூறாவது சாலைப் பாடி முடித்து, "போதுமா தம்பி?" என்று வினவிய அளவில் கருவியின் பாட்டரி தீர்ந்து திரை இருண்டது. பதிவை நிறுத்தும் பொத்தானை எவரும் அழுத்தவில்லை. துறைக்கு மீண்டு கார்டைக் கணிப்பொறியில் இட்டபொழுது கோப்பு இருந்தது, இயங்கவில்லை. மறுபடியும் சென்று பதிவு செய்வோம் எனக் கருதியிருந்த வேளையில் முதியவர் மறைந்த செய்தி வந்தது. அந்நாள் முதல் அக்கோப்பு ஒன்றே அப்பாட்டிற்குரிய ஒரே படி ஆயிற்று.

கோப்பின் அமைப்பு

இத்தகைய கருவிகள் பல எம்பி4 என்னும் அமைப்பில் பதிவு செய்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 1991இல் வெளியிட்ட குயிக்டைம் அமைப்பினின்று கிளைத்தது இஃது. இதனுள் செய்திகள் பெட்டி பெட்டியாக வைக்கப்படும். ஒவ்வொரு பெட்டியின் தொடக்கத்திலும் நான்கு பைட் அதன் நீளத்தையும், அடுத்த நான்கு பைட் அதன் பெயரையும் குறிக்கும். அவற்றுள் மூன்றை அறிந்தால் நம் நோக்கத்திற்குப் போதும். முதலாவது, எஃப்டிஒய்பி என்பது. 'யான் இவ்வகைக் கோப்பு' எனத் தன்னை அறிவித்து நிற்கும் சிறு முகப்பு. இரண்டாவது, எம்டாட் என்பது. படமும் ஒலியும் முழுமையும் இதனுள்ளேயே அடங்கும். கோப்பின் அளவில் ஏறத்தாழ அனைத்தும் இதுவே. மூன்றாவது, மூவ் எனப்படும் அட்டவணை. எந்தப் படம் எம்டாட்டினுள் எத்தனையாவது பைட்டில் தொடங்குகின்றது, அதன் நீளம் என்ன, எவ்வளவு நேரம் திரையில் நிற்றல் வேண்டும், ஒலித்துண்டு யாண்டு உள்ளது, படத்தைச் சுருக்கிய முறை யாது என்பனவெல்லாம் இவ்வட்டவணையுள் எழுதப்படும்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. பதிவு நிகழுங்கால் கருவி எம்டாட்டை மட்டுமே எழுதிக்கொண்டு செல்கின்றது. அட்டவணை பதிவு முடிந்த பின்னரே எழுதப்படும். நூலை அச்சிட்டு முடித்த பின்னரே பொருட்குறிப்பு அகராதி செய்ய இயலுமாறு போல. ஆதலின், நிறுத்தும் பொத்தானை அழுத்துமுன் மின்சாரம் அறுமாயின், அல்லது அழுத்திய உடனே கார்டு பறிக்கப்படுமாயின், உள்ளீடு முழுதும் இருக்க, அட்டவணை மட்டும் இல்லாது போகும். எம்டாட்டின் நீளத்தைக் குறிக்கும் இடமும் நிரப்பப்படாமல் நின்றுவிடலாம். கோப்பை இயக்கும் மென்பொருள் அட்டவணையைத் தேடிக் காணாது 'இயங்காது' எனக் கைவிரிக்கும். எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் மட்டும் காரணத்தையும் உடன் உரைக்கும். 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்னும் அதன் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. நோயின் பெயர் தெரிந்தது என மகிழ்தலே தக்கது.

உள்ளீடு உண்டா இல்லையா என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். எம் கருவி அன்று வினாடிக்கு 80 இலட்சம் பிட், அஃதாவது 10 இலட்சம் பைட் எழுதும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. முதியவர் பாடியது 31 நிமிடம், 1860 வினாடி. எனவே கோப்பு 186 கோடி பைட் அளவினதாதல் வேண்டும். கோப்பின் அளவும் ஏறத்தாழ அதுவே. அளவு சுழியாகவோ, மிகச் சிறிதாகவோ காட்டப்பட்டிருப்பின் நோய் வேறு. கார்டில் உள்ள கோப்புப் பட்டியலே பழுதுற்றது என்று கொண்டு, கோப்பை மட்டும் நோக்காது கார்டு முழுவதையும் துருவுதல் வேண்டும். போட்டோரெக் போன்ற மென்பொருள்கள் அதற்கு உதவும். ஆயினும் பெரிய காணொளிகள் கார்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பின் அவையும் தடுமாறும். உண்மைக் கொள்ளளவை மிகுத்துக் காட்டி விற்கப்படும் போலிக் கார்டுகளும் உள. அவற்றில் எல்லை கடந்து எழுதியவை எழுதப்பட்டனவே அல்ல. மீட்டற்கு ஒன்றும் இல்லை.

பழுதே இல்லாத கோப்பைப் பழுதுற்றதெனக் கருதி அலைவாரும் உளர். 2013இல் வெளிவந்த எச்.265 முறையிற் சுருக்கிய படத்தைப் பழைய கணிப்பொறி திறவாமை இயல்பு. விஎல்சி போன்ற வேறொரு மென்பொருளில் இட்டுப் பார்த்தல் அரை நிமிட வேலை. அதை முதலிற் செய்க.

முதற்கண் செய்யத்தக்கதும் தகாததும்

எம் கார்டைக் கண்ட கடைக்காரர் ஒருவர், "ஃபார்மட் அடிச்சிடுங்க சார், கார்டு சரியாயிடும்" என்றார். அவர் கூறியது உண்மையே. கார்டு சரியாகும், பாட்டுப் போய்விடும். கடைக்காரர் கருதியது கார்டை. யாம் கருதியது அதன்கண் உள்ளதை. கணிப்பொறியும் கார்டைக் கண்டவுடன் 'பிழை உள்ளது, திருத்தவா' என வினவுவதுண்டு. அதற்கு இசைதலும் கூடாது. அவ்வினாவும் கார்டின் நலம் கருதியதே.

பழுது கண்ட கணமே அக்கார்டில் மேலும் பதிவு செய்தலை நிறுத்துதல் வேண்டும். கார்டின் ஓரத்தில் உள்ள சிறு தாழை 'லாக்' என்னும் பக்கத்திற்குத் தள்ளிவிடுக. அடுத்து, கார்டு முழுவதையும் பைட் பிசகாமற் படியெடுத்துக் கணிப்பொறியில் ஒரே கோப்பாக வைத்தல் வேண்டும். இதற்கு யாம் கையாண்டது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருள். அஃது இடர் தரும் இடங்களைத் தாண்டி, நல்ல இடங்களை முதலில் விரைந்து படித்துக்கொண்டு, பின்னரே இடர்ப்பட்ட இடங்களுக்கு மீண்டும் மீண்டும் வரும். எவ்விடம் படிக்கப்பட்டது, எவ்விடம் படிக்கப்படவில்லை என்னும் குறிப்பையும் தனியே எழுதி வைக்கும். பொடியும் ஏட்டைப் படியெடுப்பார் முறையும் இதுவே அன்றோ! நைந்த பகுதியை முதலிற் புரட்டினால் நல்ல பகுதியும் உடன் முரியும்.

படியெடுத்த பின் ஷா-256 என்னும் கணக்கால் அப்படிக்கு ஓர் எண் கண்டு குறித்து வைத்தோம். ஒரு பைட் மாறினும் அவ்வெண் மாறிவிடும். மீட்கும் வேலையனைத்தும் படியின் படியிலேயே நிகழ்ந்தன. மூலத்தைப் பின்னர்த் தொடவில்லை.

கேம்கார்டர்கள் சில, பழுதுற்ற கார்டை மீண்டும் செருகியவுடன் 'சீர்செய்யவா' எனத் தாமே கேட்கும். தன் எழுத்தைத் தானே அறிந்த கருவியாதலின் அது செய்யும் மீட்சி சிறந்ததாதலும் உண்டு. எனினும் அது கார்டிலேயே எழுதும் என்பதை மறத்தல் கூடாது. படியெடுத்த பின்னரே அதற்கு இடந்தருதல் முறை. எம் கருவி அவ்வாறு ஒன்றும் கேட்கவில்லை.

அட்டவணையை மீளச் செய்தல்

அட்டவணை இல்லாத எம்டாட்டை நோக்குவார்க்கு அது 186 கோடி எண்களின் இடையறா ஒழுக்காகவே தோன்றும். ஒரு துண்டு படம், அடுத்த துண்டு ஒலி, மீண்டும் படம் என அவை விரவிக் கிடக்கும். இடையே எல்லைக் குறி இல்லை. எச்.264 முறையில் அமைந்த படத்துண்டின் தலையில் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும் ஆதலின், ஒன்றின் தொடக்கம் தெரிந்தால் அடுத்ததன் தொடக்கத்தைக் கணக்கிடலாம். ஆயின், ஏஏசி என்னும் முறையிற் சுருக்கிய ஒலித்துண்டு எம்பி4 கோப்பினுள் அத்தகைய தலைக்குறியும் இன்றிக் கிடக்கும். ஒவ்வொன்றும் 1024 மாதிரிகளைக் கொண்டு, வினாடிக்கு 48,000 மாதிரி எனக் கொள்ளும்போது ஏறத்தாழ 21 மில்லிவினாடியே ஒலிக்கும் நுண்துண்டு அது. ஈண்டே மீட்பார் இடர்ப்படுவர். படம் மீண்டும் ஒலி மீளாத கோப்புகள் இக்காரணத்தால் தோன்றுவன. பாட்டைத் தேடுவார்க்கு அது பாதி மீட்சியும் ஆகாது.

மற்றோர் இடரும் உண்டு. படத்தை விரித்தற்கு வேண்டும் அடிப்படை அளவைகள், அஃதாவது அகலம், உயரம், சுருக்கத்தின் வகை முதலாயின, மூவ் பெட்டியினுள்ளேயே எழுதப்படுவன. பெட்டி இல்லையெனின் அவையும் இல்லை. இவ்வளவைகளை யாண்டுப் பெறுவது?

அதே கருவியில், அதே அமைப்பில் எடுக்கப்பட்ட, பழுதில்லாத மற்றொரு கோப்பினின்று பெறலாம். இதனைச் சுவடிப் பதிப்பாளர் பல படிகளை ஒப்பிட்டுப் பாடம் காண்பதோடு மயக்குதல் கூடாது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஒப்பிட்டவை அந்நூலுக்கே உரிய ஏடுகள். ஈண்டுத் துணைக்கோப்பில் இருப்பது வேறு செய்தி. கை மட்டுமே ஒன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒருவடிவாய் நிற்கும். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது. அவ்வெழுத்தனுடைய நல்ல ஏடு ஒன்றைப் படித்து அவன் கையின் போக்கை உணர்ந்தவர், அதே கையால் எழுதப்பட்ட சிதைந்த ஏட்டையும் படித்துவிடுவர். துணைக்கோப்பு செய்யும் தொழிலும் அதுவே.

அன்ட்ரங்க் என்னும் பெயருடைய, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க மென்பொருள் இம்முறையில் இயங்குவது. துணைக்கோப்பின் மூவ் பெட்டியிலிருந்து அளவைகளைக் கற்றுக்கொண்டு, பழுதுற்ற எம்டாட்டின் முதலிலிருந்து அடியடியாக நடந்து, 'இஃது படம், இஃது ஒலி' எனப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றின் இடத்தையும் நீளத்தையும் குறித்து, இறுதியிற் புதிய அட்டவணை ஒன்றை எழுதிச் சேர்க்கின்றது. உள்ளீட்டில் ஓர் எழுத்தையும் அது புதிதாகப் புனைவதில்லை.

எம் முதன் முயற்சி தோற்றது. அதே நாளில் எடுத்த வேறொரு கோப்பைத் துணையாகக் கொண்டோம். கருவி ஒன்றே; ஆயினும் அக்கோப்பு 1080 வரிப் படம்; முதியவரின் பதிவோ 720 வரிப் படம். விளைவு, பச்சை நிறச் சதுரங்கள் பரந்த திரையும் கரகரத்த ஒலியும். கருவி ஒன்றாயிருத்தல் போதாது, வைப்பு முறையும் ஒன்றாதல் வேண்டும் என்பதை அப்பொழுது அறிந்தோம். பின்னர்க் கருவியைப் பழைய நிலையில் வைத்து, நூலகத்தின் முன் நின்ற வேப்பமரத்தடியில் மாணவர் பேசிக்கொண்டிருந்ததை இரண்டு நிமிடம் பதிவு செய்து, முறையாக நிறுத்தி, அதனைத் துணையாக்கினோம். இம்முறை முதியவர் திரையில் தோன்றினார், குரலும் கேட்டது. மாணவர் சிலர் அழுதனர் என்பதை ஆராய்ச்சிக் கட்டுரையிற் கூறுதல் பொருந்துமோ அறியோம், கூறிவிட்டோம்.

ஒருசார் கேம்கார்டர்கள் ஏவிசிஎச்டி என்னும் வேறு அமைப்பைக் கையாள்வன. 2006இல் சோனி, பானசோனிக் நிறுவனங்கள் அறிவித்த முறை அது. எம்டிஎஸ் என முடியும் அதன் கோப்புகள் 192 பைட் அளவினவாகிய சிறு பொதிகளின் வரிசை. ஒவ்வொரு பொதியிலும் ஆங்கில எழுத்து 'ஜி'க்குரிய குறி ஒன்று எல்லைக்கல்லாக நிற்கும். படம் யாது, ஒலி யாது என்னும் அறிவிப்பும் அடிக்கடி திரும்ப வரும். ஆதலின் இடையே அறுந்தாலும் அறுந்த இடம் வரையில் பெரும்பாலும் இயங்கும். கருவியின் திரையில் 'பதிவு ஒன்றும் இல்லை' என்று காட்டிய கார்டிலும், ஸ்ட்ரீம் என்னும் உறையைத் திறந்து நோக்கின் எம்டிஎஸ் கோப்புகள் நலமாக இருத்தல் உண்டு. கெட்டது பட்டியல் மட்டுமே.

மீட்டதை மெய்ப்பித்தல்

கோப்பு இயங்கியது கொண்டே மீட்சி முற்றியது எனக் கொள்ளுதல் ஆராய்ச்சியாளர்க்கு ஏலாது. இடையே விடுபட்டது உண்டா? உண்டெனின் எவ்வளவு? பொதுவாக இதனை அறிதற்குக் கோப்பின் நீளத்தையும் அளவையும் ஒப்பிடுவர். எமக்கோ அதனினும் சிறந்த கருவி பாட்டினுள்ளேயே இருந்தது. மாணவர் ஒருவர் குறிப்பேடும் கையுமாக அமர்ந்து சாலெண்களைத் தொடக்கமுதல் எண்ணி வந்தார். அறுபத்து மூன்று வரையில் பிழையில்லை. அறுபத்து நான்காம் சாலின் முதற் பாதி கேட்டது. பின் திரையிற் படம் உறைந்து, சதுரங்களாய்க் கலைந்து, மீண்டும் தெளிந்தபொழுது முதியவர் அறுபத்தைந்தைத் தொடங்கியிருந்தார். எஞ்சியவை நூறு வரையில் முறையே இருந்தன.

டிடிரெஸ்க்யூ எழுதிய குறிப்பை எடுத்து நோக்கினோம். கார்டில் ஏறத்தாழ 40 இலட்சம் பைட் அளவினதாகிய ஓரிடம் எத்துணை முறை முயன்றும் படிக்கப்படாமையின் அங்கே சுழிகளே நின்றன. வினாடிக்கு 10 இலட்சம் எனக் கொண்டால் நான்கு வினாடி. இழப்பின் இடமும் அளவும் காரணமும் இங்ஙனம் மூன்று வழியாலும் ஒத்தன.

படம் நான்கு வினாடியினும் சற்று மிகுதியாகக் கலைந்து நின்றதற்கும் காரணம் உண்டு. இவ்வகைச் சுருக்கத்தில் ஒவ்வொரு படமும் முழுமையாக எழுதப்படுவதில்லை. முழுப்படம் சிறிது இடைவெளி விட்டே வரும். இடைப்பட்டவை முன்னும் பின்னும் உள்ளவற்றினின்று வேறுபட்ட பகுதியை மட்டுமே கொண்டிருக்கும். அந்தாதியில் முன்பாட்டின் இறுதி தெரியாதவழி அடுத்ததன் தொடக்கத்தை உறுதி செய்ய இயலாதவாறு போல, ஒன்று கெட, அதனைச் சார்ந்தவையெல்லாம் அடுத்த முழுப்படம் வரும்வரை கெட்டே தோன்றும். ஒலித்துண்டுகள் அத்துணைச் சார்புடையன அல்ல ஆதலின் விரைவில் தெளிவுறும். இழந்த இடத்தில் ஒலி நான்கு வினாடி குறைய, படம் குறையாது நிற்பின், அதற்குமேல் வாயசைவும் குரலும் பொருந்தாமற் போகும். எனவே அங்கே நான்கு வினாடி ஒலியின்மையைச் செருகி ஒத்திசைத்தோம். செருகிய இடத்தைத் திரையின் கீழே எழுத்தாற் சுட்டினோம்.

இனி, எம்முள் எழுந்த ஒரு கருத்து வேறுபாட்டையும் உரைத்தல் வேண்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பெருகியபின், மாணவர் ஒருவர், விடுபட்ட படங்களை முன்பின் படங்களைக் கொண்டு நிரப்பலாம் என்றும், முதியவர் குரலையே போன்ற குரலில் 'அறுபத்து நான்கு' என ஒலிக்கச் செய்யலாம் என்றும் கூறினார். எண் யாது என்பதில் ஐயமே இல்லையே, அதனை நிரப்பினால் என்ன பிழை என்பது அவர் வினா. வினா நேர்மையானது, விடையும் எளிதன்று. எண்ணில் ஐயமில்லை என்பது உண்மை. ஆயின் அவ்வடியின் இரண்டாம் பாதியில் இருந்தது எண் மட்டுமன்று. ஒவ்வொரு சாலிலும் எண்ணுக்கு எதுகையோ மோனையோ பொருந்த முதியவர் ஒரு சொல் தொடுப்பார். ஐம்பத்து நான்கில் தொடுத்த சொல்லை அவர் எழுபத்து நான்கில் தொடுக்கவில்லை. அறுபத்து நான்கில் எதைத் தொடுத்தார்? அதனை அவர் ஒருவரே அறிவார். சொல்லை விட்டு எண்ணை மட்டும் ஒலிக்கச் செய்தாலும், பின்னர்க் கேட்பார் அவர் அங்கே சொல் தொடுக்கவில்லை என்றே முடிவு செய்வர். இல்லாத ஒன்றைச் சேர்த்தலினும், இருந்ததை இல்லையாக்கும் இடைச்செருகல் கொடிது என்பது எம் கருத்து. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருவதாகக் கூறும் மென்பொருள்களும் இத்தன்மையனவே. திருமண வீட்டுப் பதிவிற்கு அவை ஏற்கும், ஆராய்ச்சிக்குரிய பதிவிற்கு ஏலா.

கட்டணம் பெற்று இணையத்தின் வழியே கோப்பை மீட்டுத் தருவாரும் உளர். அவர் செய்வதும் பெரும்பாலும் மேற்கூறிய அட்டவணை வேலையே. பாடினவர் இசைவு எமக்குத் தரப்பட்டதேயன்றி, முன்பின் அறியாதார் கணிப்பொறிக்கு அவர் குரலை அனுப்புதற்கன்று ஆதலின் அவ்வழியை யாம் நாடவில்லை.

களத்திற்குச் செல்வார்க்குச் சில குறிப்புகள் போதும். பாட்டரியை எண்ணி எடுத்துச் செல்க. நெடும்பாட்டாயினும் இடம் வாய்த்துழி நிறுத்தி, பதிவு நடப்பதைக் காட்டும் சிறுவிளக்கு அணைந்தபின் மீளத் தொடங்குக. ஒரு துண்டு கெடினும் ஏனையவை பிழைக்கும். ஏற்றப்பாட்டுப் போல் நிறுத்தலாகாதவற்றிற்கு, ஒலியை மட்டும் பதியும் இரண்டாவது கருவி ஒன்று உடனிருத்தல் வேண்டும். அன்று அஃது எம் பையில் இருந்தது. எடுத்து வைக்க எவர்க்கும் தோன்றவில்லை.

மீட்ட கோப்பும், பழுதுற்ற மூலத்தின் படியும், டிடிரெஸ்க்யூ குறிப்பும், வேப்பமரத்தடித் துணைக்கோப்பும் இரண்டு வட்டுகளில் துறையின் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பாட்டின் எழுத்துப்படியில் அறுபத்து நான்காம் சாலுக்கு நேரே அடியின் முற்பாதியும், அதன்பின் புள்ளிகளும், 'நான்கு வினாடி கிடைத்திலது' என்னும் குறிப்பும் உள.